பொறுமையை யாரிடம் கேட்கிறீர்கள்? சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆயர்களுக்கும் குருக்களுக்கும், போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

மூப்பர்களுக்கு என்றே எழுதப்பட்ட ஒரு கடிதம் வேதத்தில் இருக்கிறது. பவுலும் பேதுருவும் எழுதிய நிருபங்களைச் சொல்லவில்லை. 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தில் ராணி யேசபேல் எழுதி, தன் கணவனான ராஜா ஆகாபின் முத்திரையைப் போட்டு, நாபோத் குடியிருந்த ஊரின் மூப்பருக்கும் பெரியோருக்கும் அனுப்பிய கடிதத்தைச் சொல்கிறேன். அதன் முதல் கட்டளை என்ன என்று கவனித்திருக்கிறீர்களா? உபவாசத்தை அறிவியுங்கள் என்பதுதான். ஊரை உபவாசத்துக்குக் கூட்டி, நாபோத்தை ஜனங்களுக்கு முன்னால் உட்காரவைத்து, இரண்டு பேரைப் பொய்ச்சாட்சி சொல்லவைத்து, தேவதூஷணம் என்று பழி போட்டுக் கல்லெறிந்து கொன்றுவிடுங்கள். மூப்பர்கள் அப்படியே செய்தார்கள். முடிந்ததும் யேசபேலுக்குச் செய்தியும் அனுப்பினார்கள்.

நாபோத் அவர்களுக்கு அந்நியன் அல்ல. அவனோடே குடியிருந்த மூப்பர்கள் என்று அந்த அதிகாரமே சொல்கிறது. அவனுடைய திராட்சத்தோட்டம் யாருடையது, ராஜா ஏன் அதைக் கேட்டார், அவன் ஏன் மறுத்தான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. இந்த அதிகாரத்தை வைத்து ஆகாபின் பேராசையைப் பற்றியும், யேசபேலின் கொடுமையைப் பற்றியும், எலியாவின் தைரியத்தைப் பற்றியும் எத்தனையோ பிரசங்கங்கள் வந்துவிட்டன. மூப்பர்களைப் பற்றி ஒரு பிரசங்கமும் என் காதில் விழவில்லை. அந்த ஊரில் ஒரே ஒரு மூப்பர் எழுந்து, "இந்த உபவாசம் எதற்காக?" என்று கேட்டிருந்தால் போதும். ஒரு கொலைக்கு வழிபாட்டின் போர்வை கிடைத்திருக்காது.

இந்த மடல் அந்த மூப்பர்களின் இடத்தில் இன்று அமர்ந்திருப்பவர்களுக்கு, அதாவது உங்களுக்கு.

சபைகளில் திரும்பத் திரும்ப நடப்பதைச் சொல்கிறேன். அநீதிக்கு ஆளான ஒருவர் சபையைத் தேடி வருகிறார். கூலி பிடிக்கப்பட்டவராக இருக்கலாம். கணவனிடம் அடிபட்டவராக இருக்கலாம். சபையின் பெரிய மனிதர் ஒருவரிடம் சொத்தை இழந்தவராக இருக்கலாம். பிறப்பைக் காட்டித் தள்ளிவைக்கப்பட்டவராகவோ, நம்பி அனுப்பப்பட்ட இடத்தில் சீரழிக்கப்பட்ட பிள்ளையின் தாயாகவோ இருக்கலாம். அவருக்குக் கிடைக்கும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஜெபம் பண்ணுவோம். பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னித்துவிடுங்கள், மன்னிக்காவிட்டால் உங்கள் ஜெபமே கேட்கப்படாது. சபையின் சாட்சி கெட்டுவிடும், வெளியே சொல்லாதீர்கள்.

அநீதி செய்தவரிடம் என்ன கேட்கிறீர்கள்? பெரும்பாலும் ஒன்றும் கேட்பதில்லை. அவர் பண்டிகைக்கு நன்கொடை தருபவர், கமிட்டியில் இருப்பவர், சில இடங்களில் பிரசங்க பீடத்திலேயே நிற்பவர். அவரிடம் மனந்திரும்புதலைக் கேட்க யாருக்கும் நா எழுவதில்லை. கிறிஸ்தவ நற்குணங்கள் அத்தனையையும் அடிபட்டவரிடமே வசூலிக்கிறீர்கள். பொறுமையும் அவரே தரவேண்டும், மன்னிப்பும் அவரே தரவேண்டும், சமாதானமும் அவரே தரவேண்டும், கடைசியில் மௌனமும் அவரே தரவேண்டும்.

என் குற்றச்சாட்டு இந்த ஒன்றுதான். ஜெபத்தின் மேலோ மன்னிப்பின் மேலோ எனக்கு வழக்கு இல்லை. அவற்றைத் தவறான ஆளிடம் கேட்கிறீர்கள் என்பதே வழக்கு.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் இதற்கு நேர் எதிரான வரிசையைச் சொல்லியிருக்கிறார். "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." ஒவ்வொரு திருவிருந்துக்கு முன்பும் நினைவுக்கு வரும் வசனம் இது. ஆனால் யார் எழுந்து போகவேண்டும் என்று பாருங்கள். உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டு என்றால், நீ அவனுக்கு எதையோ செய்திருக்கிறாய் என்று பொருள். எழுந்து போகவேண்டியவன் குறை செய்தவன். மனத்தாங்கலோடு வீட்டில் இருப்பவன் அல்ல. அதுவரை வழிபாடு காத்திருக்கட்டும், காணிக்கை பலிபீடத்தின் முன் கிடக்கட்டும் என்கிறார். நாம் என்ன செய்கிறோம்? காணிக்கையை முதலில் வாங்கி ரசீது போட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் சகோதரனுக்கு மன்னிப்பைப் பற்றி ஒரு கைப்பிரதி கொடுத்து அனுப்புகிறோம்.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்துக்கும் இதே கதிதான். பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கட்டுகள் கழன்றன, சிறைக்காரன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான். உபவாசக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய செய்தி. பிரசங்கம் அங்கேயே நின்றுவிடும். அதிகாரம் நிற்பதில்லை. மறுநாள் காலை அதிகாரிகள் ஆள் அனுப்பி, அவர்களை விட்டுவிடுங்கள் என்கிறார்கள். பாடல் பாடிய அதே பவுல், அற்புதத்தைக் கண்ட அதே பவுல், போக மறுக்கிறார். விசாரணையே இல்லாமல் ரோமக் குடிமக்களாகிய எங்களை வெளியரங்கமாய் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, இப்போது இரகசியமாய் அனுப்பிவிடப் பார்க்கிறார்களா? அப்படியல்ல, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்கிறார். அவர்கள் வந்தார்கள். வேண்டிக்கொண்டார்கள். பகிரங்கமாய்ச் செய்த அநியாயத்துக்கு மறைவான தீர்வு போதாது என்று ஓர் அப்போஸ்தலன் நின்ற இடம் அது. அவர் மன்னிக்காதவர் என்று நாம் யாராவது சொல்வோமா? இன்று ஒரு சபை அங்கத்தினர் இதே வார்த்தைகளைச் சொன்னால் அவருக்கு 'கசப்பின் ஆவி' என்றல்லவா பெயர் வைப்போம்.

லூக்கா 18இல் வரும் விதவையையும் ஜெபக்கூட்டத்துக்கே ஒதுக்கிவிட்டோம். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட உவமை என்று லூக்காவே சொல்வது உண்மைதான். ஆனால் அவள் நியாயாதிபதியிடம் கேட்டது வேலையோ சுகமோ அல்ல. தனக்கும் தன் எதிராளிக்கும் இடையே நியாயம் செய்யும்படி கேட்டாள். எதிராளி ஒருவன் இருக்கிறான் என்று வெளியே சொன்னாள். விடாமல் போய் நின்று தொந்தரவும் செய்தாள். விடாப்பிடியாகப் போய் நிற்கும் ஒரு பெண்ணை நம் கமிட்டிகள் எப்படி நடத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு ஒரு மறுப்பு வழக்கமாக வரும். கிறிஸ்து வாயைத் திறவாத ஆட்டுக்குட்டியாய் நின்றாரே, மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே என்பது. அவரே அறை வாங்கிய சம்பவம் யோவான் 18இல் இருக்கிறது. பிரதான ஆசாரியனுக்கு முன்னால் ஒரு சேவகன் அவரை அறைந்தான். அவர் மௌனமாக இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை. ஆனால் அடித்தவனிடம் காரணம் கேட்டார். அதே அதிகாரத்தில், தம்மைப் பிடிக்க வந்தவர்களிடம், என்னைத் தேடுகிறீர்களானால் இவர்களைப் போகவிடுங்கள் என்று சீஷர்களுக்காகப் பேசினார். தம் உயிரைக் கொடுக்க அவர் தாமே தெரிந்துகொண்ட மௌனத்தை, வேறொருவரின் உயிரையும் மானத்தையும் பறிகொடுக்கும்படி நாம் அடுத்தவர் மேல் சுமத்த முடியாது.

அநீதியை எதிர்ப்பது விசுவாசத்தின் மேல் நாம் ஒட்டவைக்கும் சமூக சேவை அல்ல. அதற்கென்று தனி இலாகா, ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, ஒரு பேனர் என்று முடித்துவிடவும் கூடாது. மனந்திரும்புதல் என்று நாம் சொல்வது பொதுவெளியில் எடுக்கும் வடிவமே அது. யோவான் ஸ்நானன் மனந்திரும்புதலுக்கேற்ற கனிகளைக் கேட்டபோது, என்ன செய்ய வேண்டும் என்று ஜனங்கள் விளக்கம் கேட்டார்கள். அவர் சொன்ன பதில்களில் ஒன்றும் ஆலயத்துக்குள் செய்வது அல்ல. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. ஆயக்காரனா, விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனா, ஒருவரையும் இடுக்கண் செய்யாதே, பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதே. எல்லாம் பணமும் அதிகாரமும் புழங்கும் இடங்கள்.

வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு எப்போது சொன்னார்? அவன் மரத்தில் ஏறியபோது அல்ல, விருந்து வைத்தபோதும் அல்ல. ஒருவனிடம் அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்ன பிறகு. ஏமாற்றப்பட்டவர்களைக் கூப்பிட்டு, சகேயு நல்லவனாகிவிட்டான், மறந்துவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் ஒரு மேய்ப்பராக நீங்கள் இழப்பதும் இருக்கிறது. குற்றம் செய்தவரை மூடிமறைப்பது அவருக்குச் செய்யும் இரக்கம் என்று நினைக்கிறீர்கள். எசேக்கியேல் 33ஆம் அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. துன்மார்க்கனைக் காவற்காரன் எச்சரிக்காமல் இருந்தால், அவன் தன் அக்கிரமத்திலே சாவான், அவன் இரத்தப்பழியோ காவற்காரனின் கையில் கேட்கப்படும் என்கிறது. உங்கள் மௌனத்தால் அடிபட்டவர் நியாயத்தை இழக்கிறார், அடித்தவர் மனந்திரும்பும் வாய்ப்பை இழக்கிறார். இரண்டு ஆத்துமாக்களுக்கும் கணக்கு உங்களிடம் இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்ட மேய்ப்பர்கள் சரித்திரத்தில் இருந்திருக்கிறார்கள். 1511, டிசம்பர் 21. கரீபியன் தீவான ஹிஸ்பானியோலாவில், சாந்தோ தொமிங்கோ ஊரின் ஆலயத்தில் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி பிரசங்கித்தார். முன்வரிசையில் தீவின் ஆளுநர் தியேகோ கொலோன் இருந்தார், கொலம்பஸின் மகன். பூர்வகுடிகளைச் சுரங்கங்களிலும் வயல்களிலும் வேலைவாங்கிச் சாகடித்துக்கொண்டிருந்த ஸ்பானியக் குடியேறிகள் இருந்தார்கள். இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று அவர்களைப் பார்த்துக் கேட்டார். அது தனி மனிதரின் ஆவேசம் அல்ல. பிரசங்கத்தை அந்தத் துறவிகள் எல்லாரும் சேர்ந்து தயாரித்திருந்தார்கள். கொதித்துப்போன கனவான்கள் மடத்துக்குப் போய், அடுத்த ஞாயிறு வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு அவர் அதையே இன்னும் அழுத்திச் சொன்னார். கூடவே, இந்த நிலையில் இருப்பவர்களுக்கு இனி பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கமாட்டோம் என்றும் அறிவித்தார். மன்னிப்பின் வாசலைக் குற்றம் செய்தவருக்கு முன்னால், அவருடைய நன்மைக்காகவே, சற்று மூடிவைத்தார்கள்.

அந்தக் காலனியில் பூர்வகுடிகளை வேலைக்கு வைத்திருந்த பாதிரியார் ஒருவரும் இருந்தார். பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ். 1514இல் பெந்தெகொஸ்தே பண்டிகைக்குப் பிரசங்கம் தயாரிக்கும்போது, கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள சீராக் நூலின் 34ஆம் அதிகாரத்தில் தடுக்கிவிழுந்தார். அநியாயமாய்ச் சம்பாதித்ததிலிருந்து படைக்கும் காணிக்கையைக் கடவுள் ஏற்பதில்லை, ஏழையின் அப்பத்தைப் பறிப்பவன் இரத்தம் சிந்துகிறவன் என்று அது சொல்கிறது. தம்மிடம் இருந்தவர்களை விட்டுவிட்டார். பின்னாளில் சியாப்பாஸ் ஆயரானபோது, அடிமைகளை விடுவித்து, பறித்ததைத் திருப்பிக் கொடுக்காதவர்களுக்குப் பாவமன்னிப்பு தரக்கூடாது என்று உத்தரவிட்டார். (ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒரு காலத்தில் யோசனை சொன்னவரும் இவரே, அதற்காகப் பிறகு வருந்தினார். நீதிமான்களின் பட்டியலில் கறைபடாத பெயர்களைத் தேடினால் ஏமாந்துபோவோம்.)

எதிர்ப் பக்கமும் இருக்கிறது, அது நீளமானது. பார்படோஸ் தீவில் கோட்ரிங்டன் கரும்புத் தோட்டங்களை, 1710இல் இறந்த ஒரு கனவானின் உயில் வழியாக, இங்கிலாந்தின் சுவிசேஷப் பரவுதல் சங்கம் பெற்றது. தோட்டத்தோடு அடிமைகளும் வந்தார்கள். அவர்கள் மார்பில் 'சொசைட்டி' என்று இரும்பைக் காய்ச்சிச் சூடு போட்டார்கள். சுவிசேஷம் பரப்பும் சங்கத்தின் பெயர், மனிதத் தோலில். 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சானது. யாத்திராகமத்தில் விடுதலைப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்ற கலாத்தியர் வசனத்தை எடுத்துவிட்டார்கள். வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது. அவர்கள் கத்தரிக்கோலால் செய்ததை நாம் பிரசங்கக் குறிப்பால் செய்கிறோம். அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833இல் வந்தபோது நாடாளுமன்றம் ஒதுக்கிய 2 கோடி பவுண்டும் உடைமையாளர்களுக்கே போனது. உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை; அதன் பிறகும் 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் சில ஆண்டுகள் சம்பளமில்லா உழைப்பு. இங்கிலாந்து திருச்சபையின் பொதுப்பேரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது 2006இல்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கலங்கவைப்பது கொடுமையான தீர்மானம் அல்ல, மென்மையான தீர்மானம். தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபை 1857இல் ஒரு தீர்மானம் போட்டது. கறுப்பின விசுவாசிகளும் ஒரே சபையில் சேர்ந்திருப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று அது முதலில் ஒப்புக்கொண்டது. பிறகு, சிலருடைய பலவீனத்தின் நிமித்தம், தனியாக ஆராதனை வைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. யாருடைய பலவீனம்? கறுப்பரோடு ஒரே மேசையில் திருவிருந்து எடுக்க மனமில்லாத வெள்ளையரின் பலவீனம். நிலமும் ஆட்சியும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்கள் 'பலவீனர்' ஆனார்கள். எல்லாவற்றையும் இழந்தவர்கள் அவர்களைப் பொறுத்துப்போக வேண்டிய 'பலவான்கள்' ஆனார்கள். தற்காலிகச் சலுகையாகத் தொடங்கியது 1881இல் தனிச் சபையானது. அடுத்த நூற்றாண்டில் நிறவெறி அரசுக்கு வேத ஆதாரம் எழுதிக் கொடுத்ததும் அதே சபைக் குடும்பம்தான். அப்படிப் பிரித்துவைக்கப்பட்ட சபையே 1982இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்து 1986இல் ஏற்றது. தேவன் ஏழைகளுக்கும் அநீதிக்குள்ளானவர்களுக்கும் விசேஷமாய்த் தேவன் என்று அறிக்கையிட்டது. தள்ளப்பட்டவர்கள் எழுதித்தான் தள்ளியவர்களுக்கு விசுவாசப் பிரமாணம் கிடைத்தது.

தமிழ்ச் சபைகளுக்கு இது வேற்று நாட்டுச் செய்தி என்று ஒதுக்க வழியில்லை. சாதி வேறுபாட்டை உடனே, முற்றிலுமாய், கடைசியாய் விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது 1833இல். பொறுக்கமாட்டாமல் சபையைவிட்டு வெளியேறியவர்கள் யார் என்று கேட்டால், திருவிருந்தில் பின்னால் நிறுத்தப்பட்டவர்கள் அல்லர், முன்னால் நின்றவர்கள். வடக்கன்குளத்தில் அதே நூற்றாண்டில், ஒரே பலிபீடத்தை நோக்கி இரண்டு தனித்தனி மண்டபங்களோடு ஓர் ஆலயமே கட்டப்பட்டது. அந்தச் சுற்றறிக்கைக்கு வயது இருநூறை நெருங்குகிறது. கல்லறைத் தோட்டங்களிலும் சபைத் தேர்தல்களிலும் 'உடனே' என்ற அந்தச் சொல் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.

திருச்சபை எப்போதும் வாய்மூடி இருந்தது என்று சொன்னால் பொய்யாகும். தனக்கு அடிவிழும்போது அது உரக்கப் பேசும். பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து, நிலத்துக்கு ஆபத்து, கூட்டம் நடத்தும் உரிமைக்கு ஆபத்து என்றால் கண்டன அறிக்கைகள் வரும், ஊர்வலமும் வரும். வரட்டும், அதுவும் நியாயமே. கேள்வி அடுத்தவருக்கு அடிவிழும்போது வருகிறது. 1934 மே மாதம், ஜெர்மனியின் பார்மென் நகரில் கூடிய சபைத் தலைவர்கள் ஹிட்லரின் காலத்திலும் கிறிஸ்து ஒருவரே தலைவர் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். துணிச்சலான அறிக்கை, இன்றும் இறையியல் கல்லூரிகளில் பாடம். அதில் யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சபையின் சுதந்திரத்தைக் காத்த அறிக்கைக்கு, தெருவில் உதைபட்டுக்கொண்டிருந்த பக்கத்துவீட்டுக்காரர் நினைவுக்கு வரவில்லை. அதை எழுதுவதில் பெரும் பங்கு வகித்த கார்ல் பார்த்தே முதுமையில் இதைத் தம் குற்றமாக ஒப்புக்கொண்டார்.

அதே யுத்த காலத்தில் பிரான்சின் மலைப்பகுதியில் லெ ஷாம்போன் என்ற ஊர் இருந்தது. போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும் எடுவார் தெய்ஸும் 1940 ஜூனில், நாடு வீழ்ந்த மறுநாளே, ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்க வேண்டும் என்று பிரசங்கித்தார்கள். ஊரும் சுற்றுவட்டாரமும் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு, முக்கியமாக யூதர்களுக்கு, பள்ளிகளிலும் பண்ணைகளிலும் அடைக்கலம் தந்தது. ஒளிந்திருப்பவர்களின் பட்டியலைக் கேட்டபோது த்ரோக்மே கொடுக்கவில்லை. 1943இல் இருவரையும் கைது செய்து சில வாரம் முகாமில் வைத்தார்கள். அந்த யூதர்கள் அவர்களுடைய சபையார் அல்லர். காணிக்கை போடுபவர்கள் அல்லர். ஞானஸ்நானம் பெறுவார்கள் என்ற கணக்கும் அங்கே இல்லை.

ஆஸ்கர் ரொமேரோ என்றால் 1980 மார்ச் 24இல் பலிபீடத்தில் சுடப்பட்டது எல்லாருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய ரொமேரோ முக்கியம். 1977இல் எல் சால்வடோரின் தலைநகருக்குப் பேராயராக வந்தபோது, ஆபத்தில்லாத மனிதர் என்றே பலரும் எண்ணினார்கள். சில வாரங்களில் அவர் நண்பரான ருத்திலியோ கிராந்தே என்ற குருவை, உடன் சென்ற முதியவரையும் சிறுவனையும் சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஞாயிறு ரொமேரோ மறைமாவட்டத்தின் மற்ற திருப்பலிகளை எல்லாம் ரத்து செய்து, பேராலயத்தில் ஒரே ஒரு திருப்பலி என்று அறிவித்தார். விசாரணை நடக்கும்வரை அரசு விழாக்களுக்கு வரமாட்டேன் என்றார். பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்ற வசனத்தை ஒரு மறைமாவட்டம் முழுவதற்கும் அவர் செயலாக்கினார் என்றே நான் வாசிக்கிறேன். வழிபாட்டை நிறுத்தியதால் விசுவாசம் குறைந்துபோனதாகத் தெரியவில்லை. ஒரு லட்சம் பேர்வரை திரண்டார்கள் என்பார்கள்.

ரோமர் 13ஐ எடுத்து வைப்பீர்கள் என்று தெரியும். மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள். அதை எழுதியவர் தமஸ்குவின் அதிகாரிக்குத் தப்ப, கூடையில் உட்கார்ந்து மதில்வழியாக இறக்கப்பட்டவர். செசரேயாவில் நியாயம் கிடைக்காது என்று கண்டதும் ரோமப் பேரரசனாகிய இராயனிடம் முறையிட்டவர். கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எபிரெய மருத்துவச்சிகளான சிப்பிராளுக்கும் பூவாளுக்கும் அது அவருக்கு முன்பே தெரியும். தேவனுக்குப் பயந்ததால்தான் அவர்கள், ஆண்பிள்ளைகளைக் கொல்லுங்கள் என்ற ராஜாவின் கட்டளையை மீறினார்கள் என்று யாத்திராகமம் முதல் அதிகாரம் சொல்கிறது. அவர்கள் இருவருடைய பெயரையும் எழுதிவைத்த அந்த அதிகாரம், பார்வோனின் பெயரை எழுதவில்லை.

இது அரசியல், நமக்கு வேண்டாம் என்ற பேச்சுக்கு அதிகம் பதில் சொல்ல விரும்பவில்லை. தேர்தலுக்கு முன் வேட்பாளரை மேடையில் ஏற்றிச் சால்வை போட்டு ஜெபிக்கும் சபை, கூலி கேட்பவரைப் பார்த்து அரசியல் வேண்டாம் என்று சொல்லும்போது, அதற்குள் இருப்பது ஆவிக்குரிய கவலை அல்ல.

இனி நான் கேட்பவை.

முதலில் வீட்டுக் கணக்கு. "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி" கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினார். சபைகளும் வயல் வைத்திருக்கின்றன. பள்ளிகள், மருத்துவமனைகள், விடுதிகள், அலுவலகங்கள். அங்கே துப்புரவு செய்பவருக்கும் ஆசிரியருக்கும் காவலாளிக்கும் சட்டப்படியான சம்பளம் போகிறதா, கையெழுத்து ஒரு தொகைக்கும் கையில் கிடைப்பது வேறொரு தொகையாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஊழியமாக நினைத்துச் செய்யுங்கள்' என்ற வாக்கியத்தைக் குறைந்த சம்பளம் வாங்குபவரிடம் மட்டுமே சொல்லும் வழக்கத்தை விடுங்கள். ஊரின் அநீதியைப் பற்றி நாம் பேசுவதை ஊர் நம்புமா என்பது இங்கேதான் தீர்மானமாகும்.

புகாரோடு ஒருவர் வந்தால், அவரையும் குற்றஞ்சாட்டப்பட்டவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, கைகோக்கச் சொல்லி, ஜெபித்து அனுப்பாதீர்கள். எரேமியா இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்: சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குவது. முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள், எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பாருங்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் உறவினரோ நண்பரோ விசாரிக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. சட்டம் குற்றம் என்று சொல்வதைச் சபைக் கமிட்டி பேசி முடிக்க முடியாது. பிள்ளைகளுக்கு எதிரான எந்தக் காரியமானாலும் காவல்துறைக்குப் போகட்டும், அன்றே போகட்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு, பொய்ப்புகாரும் அநீதிதான். அதைக் கண்டுபிடிக்கவும் விசாரணைதான் தேவை, மூடிமறைத்தல் அல்ல. போதகர் மேலேயே புகார் வந்தால் அவரை வேறு சபைக்கு மாற்றிவிட்டுக் கதையை முடிக்காதீர்கள். அந்தச் சபையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மன்னிப்பைப் பற்றிப் பேசவே கூடாதா என்றால், பேசலாம். அடிபட்டவர் அதைத் தாமே எடுத்து வரும்போது பேசலாம். அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையே நடக்கும் காரியம். பல வருடம் ஆகலாம். அவர் மன்னித்துவிட்டார் என்பதால் பறித்த நிலம் பறித்தவருக்கு ஆகிவிடாது, வழக்கும் முடிந்துவிடாது. வெளியரங்கமாய் நடந்த அநியாயத்துக்கு வெளியரங்கமான வருத்தமும், பணத்தில் நடந்ததற்குப் பணத்தில் ஈடும் வேண்டும். பவுலின் பிலிப்பியிலும் சகேயுவின் எரிகோவிலும் அப்படித்தான் நடந்தது.

கடைசியாக, சபைக்கு வெளியே. நம் பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்களுக்காகவும் பேசுங்கள். "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்ற நீதிமொழியில் 'விசுவாசியாயிருந்தால்' என்ற நிபந்தனை இல்லை.

இதையெல்லாம் ஒரே நாளில் கேட்கவில்லை. அடுத்த திருவிருந்து ஞாயிறில் தொடங்கலாம். அழைப்பு கொடுப்பதற்கு முன் மத்தேயு 5:23, 24ஐ வாசியுங்கள். வாசித்த கையோடு அடுத்த பாட்டுக்குப் போய்விடாமல் சற்று நேரம் கொடுங்கள். எழுந்து போகவேண்டியவர் எழுந்து போகட்டும். அவர் உங்கள் கமிட்டியில் இருப்பவரானாலும், ஆலயத்துக்குக் கோபுரம் கட்டித் தந்தவரானாலும், அவருடைய காணிக்கை உறையை அன்று வாங்காமல் திருப்பிக் கொடுங்கள். அதே வாரத்தில், நிலுவையில் கிடக்கும் புகார்க் கடிதங்களை எடுத்து, எழுதியவர்களின் வீட்டுக்கு நீங்களே போங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் மந்தையில் ஒருவர்